வேர்ட்பிரஸில் தமிழ்ப் பதிவுகளுக்குப் படிக்கத்தக்க முகவரி அமைப்பது எப்படி?

வேர்ட்பிரஸ் ஒவ்வொரு பதிவுக்கும் தரவுத்தளத்தில் ஓர் எண் தருகிறது. தளத்தின் பெயருக்குப் பின்னால் ‘?பி=123’ என்று வரும் முகவரி அந்த எண்ணைத்தான் சொல்கிறது. தளம் ஓடுவதற்கு அது போதும். ஆனால் வாட்ஸ்அப்பில் அந்த இணைப்பைப் பார்ப்பவருக்கு உள்ளே இருப்பது சமையல் குறிப்பா, சட்ட விளக்கமா என்று தெரியாது. தேடலிலும் முகவரியில் உள்ள சொற்களுக்கு ஒரு பங்கு உண்டு, ஆனால் சிறிய பங்குதான். முகவரியை மாற்றினாலே கூகுளின் முதல் பக்கத்துக்கு வந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே தமிழில் எழுதியிருந்தாலும், கணினியில் ஆங்கில எழுத்திலேயே தட்ட வேண்டும்.

1. முதலில் ஒரு நகல்

தளத்தின் முதன்மை அடைவில் ‘.எச்டிஆக்சஸ்’ என்ற கோப்பு இருக்கும்; முகவரிகளைக் கையாளும் விதிகள் இதில்தான் இருக்கும். பெயர் புள்ளியில் தொடங்குவதால் ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் சிபேனலின் ஃபைல் மேனேஜர் அதை மறைத்தே வைக்கும். மேலே உள்ள செட்டிங்ஸில் ‘ஷோ ஹிடன் ஃபைல்ஸ்’ என்பதை டிக் செய்தால் தெரியும். அதைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். ஏதாவது தவறிப்போனால் திரும்ப ஏற்றிவிடலாம்.

2. அமைப்பைத் தேர்வு செய்தல்

டேஷ்போர்டில் செட்டிங்ஸ், அதற்குள் பெர்மாலிங்க்ஸ் (பதிவுகளின் நிலையான முகவரி). புதிய தளம் என்றால் ‘போஸ்ட் நேம்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, ‘சேவ் சேஞ்சஸ்’ அழுத்துங்கள்.

தேதியுடன் வரும் அமைப்புகள் செய்தித் தளத்துக்குப் பொருந்தும். செய்முறை விளக்கங்களுக்கு வேண்டாம்: பதிவை இந்த ஆண்டு முழுதாகப் புதுப்பித்திருந்தாலும் முகவரியில் பழைய ஆண்டே நிற்கும், வாசகர் ஒதுக்கிவிட்டுப் போவார். ‘கஸ்டம் ஸ்ட்ரக்சர்’ பகுதியில் கேட்டகரி பெயரைச் சேர்ப்பதும் தொடக்கத்தில் அழகாகத்தான் தெரியும். பிறகு ஒரு பதிவை வேறு கேட்டகரிக்கு நகர்த்தும் நாளில் அதன் முகவரியும் கூடவே மாறிவிடும்.

3. முகப்பு திறக்கிறது, பதிவுகள் மட்டும் 404 காட்டுகின்றன

தொடக்கநிலையில் உள்ளவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இது. 404 என்றால் ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்று பொருள்; ஆனால் பதிவுகள் எதுவும் அழியவில்லை. புது முகவரியை வேர்ட்பிரஸிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் விதிகள் சர்வரில் இல்லை, அவ்வளவுதான்.

முதல் வைத்தியம், பெர்மாலிங்க்ஸ் பக்கத்துக்குப் போய் எதையும் மாற்றாமல் மறுபடி ‘சேவ் சேஞ்சஸ்’ அழுத்துவது. விதிகள் புதிதாக எழுதப்படும், பலருக்கு இதிலேயே சரியாகிவிடும். ஆகாவிட்டால் அதே பக்கத்தின் அடியைப் பாருங்கள். ‘.எச்டிஆக்சஸ்’ கோப்பில் எழுத அனுமதி இல்லையென்றால், நீங்களே ஒட்ட வேண்டிய வரிகளை வேர்ட்பிரஸ் அங்கே காட்டும். அவற்றை அப்படியே நகலெடுத்துக் கோப்பில் ஒட்டுங்கள். ‘பிகின் வேர்ட்பிரஸ்’, ‘எண்ட் வேர்ட்பிரஸ்’ என்ற இரு குறிப்புகளுக்கு நடுவே உங்கள் சொந்த விதி எதையும் எழுதாதீர்கள். அடுத்த முறை விதிகள் எழுதப்படும்போது அது காணாமல் போகும்.

சொந்த விபிஎஸ்ஸில் (வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வர்) உபுண்டு இயங்குதளமும் அப்பாச்சி சர்வர் மென்பொருளும் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வேலை. ‘சுடோ ஏ2என்மாட் ரீரைட்’ கொடுத்து, முகவரிகளை மாற்றியெழுதும் அப்பாச்சியின் பகுதியான மாட் ரீரைட்டை இயக்குங்கள். பிறகு அப்பாச்சியின் அமைப்புக் கோப்பில், தளக் கோப்புகள் இருக்கும் அடைவுக்கான பகுதியில் ‘அலவ்ஓவர்ரைட் நன்’ என்றிருப்பதை ‘ஆல்’ என்று மாற்றி, அப்பாச்சியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ‘நன்’ என்று இருக்கும்வரை ‘.எச்டிஆக்சஸ்’ கோப்பை அப்பாச்சி திறந்தே பார்க்காது. எஞ்சின்எக்ஸ் சர்வரோ அந்தக் கோப்பை எப்போதுமே படிக்காது. அங்கே ‘ட்ரை ஃபைல்ஸ்’ வரியை சர்வர் அமைப்பிலேயே சேர்க்க வேண்டும். ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேட்டால் செய்து தருவார்கள்.

4. தமிழ்த் தலைப்பும் ஸ்லக்கும்

தலைப்பை அப்படியே எடுத்து, இடைவெளிக்குப் பதில் சிறு கோடு போட்டு, முகவரியின் கடைசிப் பகுதியை வேர்ட்பிரஸ் தானே தயாரிக்கிறது. அதுதான் ஸ்லக். ஆங்கிலத் தலைப்புக்கு இதில் பிரச்சினை இல்லை. தமிழ்த் தலைப்பு பாதியில் அறுந்துபோகும்.

காரணம் இதுதான். இணைய முகவரியில் ஆஸ்கி எழுத்துகளுக்கு (ஆங்கில எழுத்து, எண், சில குறிகள்) மட்டுமே இடம் என்பது 2005இல் வெளியான ஆர்எஃப்சி 3986 தரம். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட். ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்துமாக மாற்றி எழுதப்படும்போது அது 9 இடத்தைப் பிடிக்கிறது. புள்ளியும் துணைக்குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் ‘க்’ 18 இடம், ‘தமிழ்’ 45 இடம். ஸ்லக்கைச் சேமிக்கும் தரவுத்தளப் பத்தியின் கொள்ளளவு 200. ஆக, மொத்தம் 22 குறியீடுகள்தான் தேறும்.

‘நெல் சாகுபடியில் களை கட்டுப்படுத்தும் முறைகள்’ என்று தலைப்பிட்டுப் பாருங்கள். ‘நெல்’ 36, ‘சாகுபடியில்’ 99, ‘களை’ 27, நடுவில் மூன்று கோடுகள், ‘கட்’ 27. மொத்தம் 192. அடுத்த ‘ட’வைச் சேர்த்தால் 201 ஆகிவிடும். எனவே ஸ்லக் ‘நெல்-சாகுபடியில்-களை-கட்’ என்று நின்றுவிடும்.

தமிழ் ஸ்லக்கை கூகுள் படிக்கும், அதில் ஐயம் வேண்டாம். குரோம் போன்ற பிரௌசர்களும் முகவரிப் பட்டையில் தமிழாகவே காட்டும். சிக்கல் நகலெடுத்து ஒட்டும்போதுதான்: விழுக்காட்டுக் குறிகள் வரிசையாக நிற்கும் ஒரு நீண்ட சரம் வந்து விழும், பார்ப்பவர் ஏதோ ஸ்பேம் என்று நினைப்பார். பகிர்வு மூலம் வாசகர் வரும் தளத்துக்கு ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்த ஸ்லக்தான் எங்கள் பரிந்துரை. தமிழிலேயே வேண்டும் என்பவர்கள் ‘நெல்-களை’ போல இரண்டு சொல்லோடு நிறுத்துங்கள்.

எடிட்டரில் பதிவை ஒருமுறை டிராஃப்டாகச் சேமித்துவிட்டு, வலப்பக்கம் ‘போஸ்ட்’ தாவலைத் திறங்கள். பதிப்பைப் பொறுத்து ஸ்லக், லிங்க், யூஆர்எல் என்று ஏதாவது ஒரு பெயரில் அந்தப் பெட்டி இருக்கும். சிற்றெழுத்தில் மூன்று நான்கு சொற்கள் போதும். சொற்களுக்கு நடுவே அடிக்கோடு வேண்டாம், சிறு கோடு போடுங்கள்; கூகுளும் அதைத்தான் பரிந்துரைக்கிறது. ஒலிபெயர்ப்பில் ஒரே முறையைப் பின்பற்றுங்கள். ழகரத்துக்கு ஒரு பதிவில் ‘இசட்எச்’, இன்னொன்றில் ‘எல்’ என்று போட்டால் பின்னால் உங்களுக்கே தேட வராது. முகவரியின் கடைசியில் ‘-2’ முளைத்திருந்தால், அதே ஸ்லக் வேறெங்கோ இருக்கிறது என்று பொருள்.

இதையெல்லாம் ‘பப்ளிஷ்’ அழுத்துவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பிறகு தலைப்பைத் திருத்தினாலும் ஸ்லக் தானாக மாறாது.

5. ஏற்கெனவே ஓடும் தளம் என்றால்

வெளியான ஒரு பதிவின் ஸ்லக்கை மாற்றினால், வேர்ட்பிரஸ் பழையதை நினைவில் வைத்து 301 முறையில் (நிரந்தர இடமாற்றம்) புதிய முகவரிக்குத் திருப்பிவிடும். ‘பேஜ்’ வகைப் பக்கங்களுக்கு இந்த வசதி கிடையாது. ‘எங்களைப் பற்றி’, ‘தொடர்பு’ போன்றவற்றின் முகவரியை மாற்றினால் திருப்புதலை நீங்களே அமைக்க வேண்டும். பழைய ஸ்லக்கை வேறொரு புதிய பதிவுக்கு வைத்தாலும் திருப்புதல் நின்றுபோகும்.

தேதி அமைப்பிலிருந்து தளம் முழுவதையும் ‘போஸ்ட் நேம்’ அமைப்புக்கு மாற்றும்போது பல முகவரிகளை வேர்ட்பிரஸே ஊகித்துத் திருப்பும், ஆனால் ஊகத்தை நம்பி விட்டுவிடக் கூடாது. ‘ரீடைரக்‌ஷன்’ பிளகினை நிறுவி, அதன் ‘சைட்’ தாவலில் ‘பெர்மாலிங்க் மைக்ரேஷன்’ பகுதியில் பழைய அமைப்பைக் கொடுங்கள். பிறகு பழைய இணைப்புகள் பத்தை எடுத்து இன்காக்னிட்டோ சாளரத்தில் ஒவ்வொன்றாகத் திறந்து சரிபாருங்கள். வழக்கமான சாளரத்தில், பிரௌசர் முன்பு சேமித்துவைத்த திருப்புதல் வந்து குழப்பும்.

கடைசியாக, செட்டிங்ஸில் ‘ரீடிங்’ பக்கத்தைத் திறந்து, தேடுபொறிகளைத் தடுக்கும் பெட்டியில் டிக் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். அது இருந்தால் மேலே செய்த எதற்கும் பலனிருக்காது. இல்லையென்றால் கூகுளின் சர்ச் கன்சோலில் தளவரைபடத்தை (தளத்தின் முகவரிகளின் பட்டியல்) சேர்த்து, முக்கியமான இரண்டு மூன்று பதிவுகளை ‘யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷன்’ வழியாகச் சோதித்து, புதிய முகவரியைத்தான் கூகுள் எடுத்திருக்கிறதா என்று பாருங்கள். அது மாறுவதற்குச் சில வாரங்கள் பிடிக்கலாம், அதுவரை திருப்புதல்களில் கை வைக்காதீர்கள்.