மேகசின் குழாயில் சிக்கிய தோட்டா

உசிலம்பட்டிப் பக்கம் தோட்டம். லைசென்ஸோடு என்னிடம் இருப்பது 12 போர் பம்ப் துப்பாக்கி. ஐப்பசி மழைக்குப் பிறகு குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையை இழுத்தால் அடுத்த தோட்டா மேகசின் குழாய்க்குள்ளேயே, அதாவது தோட்டாக்களை வரிசையாக அடுக்கும் குழாய்க்குள்ளேயே, நின்றுவிட்டது.

தோட்டாக்களை எடுத்துவிட்டு, தோட்டா வெடிக்கும் அறையும் குழாயும் காலிதானா என்று விரல் விட்டே பார்த்தேன். முனை மூடியைக் கழற்றும்போது உள்ளங்கையால் அழுத்திக்கொள்ளணும், இல்லையென்றால் ஸ்பிரிங் எகிறி ஓட்டில்தான் போய் அடிக்கும். டார்ச் அடித்தால் உள்ளே துரு, அதன்மேல் பழைய எண்ணெய் வேப்பம்பிசினாக இறுகியிருந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியைக் குச்சியில் சுற்றி, அழுக்கு வராதவரை துடைத்தேன். ஸ்பிரிங்குக்கும் அதே கவனிப்பு. கடைசியில் எண்ணெய் பேருக்குத்தான். கொட்டினால் தூசி அப்பும்.

“அண்ணே, குழாயை நீட்டிட்டா கூட ரெண்டு போகுமே” என்றான் சித்தப்பா மகன். அந்த வேலைக்கு 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வாங்கிய பட்டறை வேணும்டா என்றேன். மருந்தில்லாத டம்மி தோட்டா போட்டு இழுத்துப் பார்த்தோம், தடங்கல் இல்லை.