ரீடூவா, ரிபீட்டா?

தமிழில் ‘திரும்பச் செய்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. நன்றாக வந்ததை இன்னொரு முறை செய்வதும் திரும்பச் செய்வதுதான். கெட்டுப்போனதை முதலிலிருந்து செய்வதும் திரும்பச் செய்வதுதான். ஆங்கிலத்தில் முதலாவதற்கு ‘ரிபீட்’, இரண்டாவதற்கு ‘ரீடூ’. எதைப் போடுவதென்று தடுமாறினால் ஒரு கேள்வி போதும்: முதல் தடவை செய்தது கணக்கில் நிற்கிறதா, தள்ளுபடி ஆகிறதா? நின்றால் ரிபீட், தள்ளுபடி ஆனால் ரீடூ.

பிளஸ் டூ வேதியியல் ஆய்வகத்தில் இந்த வித்தியாசத்தை நேரிலேயே பார்க்கலாம். பிப்பெட்டில் 20 மி.லி. கரைசலை எடுத்துக் குடுவையில் விட்டு, ப்யூரெட் என்ற அளவுக்குழாயிலிருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கிறோம்; இதற்குப் பெயர் டைட்ரேஷன். வெளிர் இளஞ்சிவப்பு வந்து நிலைத்ததும் நிறுத்தி, அளவைக் குறிக்கிறோம். அதே அளவு மறுபடியும் கிடைக்கிறதா என்று இன்னொரு முறை செய்வது ரிபீட். முதல் அளவும் அட்டவணையில் அப்படியே இருக்கும். குழாயை மூடத் தாமதமாகி நிறம் அடர்ந்துவிட்டதா? அந்த அளவு உதவாது. குடுவையைக் கழுவிவிட்டு மறுபடி செய்வது ரீடூ. ‘ஐ ரிபீட்டட் த டைட்ரேஷன்’ என்றால் சரிபார்த்தேன் என்று தொனிக்கும். ‘ஐ ரீடிட் த டைட்ரேஷன்’ என்றால் முதலில் ஏதோ சொதப்பிவிட்டது என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

இதனால்தான் மேலதிகாரிக்கு எழுதும்போது கவனம் வேண்டும். ‘ப்ளீஸ் ரீடூ திஸ்’ என்பதில் ‘ப்ளீஸ்’ இருந்தாலும், ‘நீங்கள் செய்தது சரியில்லை’ என்பதும் உள்ளே இருக்கிறது. தொலைபேசியில் ஒருவர் சொன்னது காதில் விழவில்லை என்றால் கேட்க வேண்டியது ‘குட் யூ ரிபீட் தட்?’ என்றுதான். பேச்சுக்கு ரீடூ ஒட்டாது.

வடிவங்கள் ‘டூ’ என்ற வினையின் வழியிலேயே போகும்: ரீடூ, ரீடிட், ரீடன். ‘ரீடூட்’ என்று ஒன்று கிடையாது. ‘ஐ ஹேவ்’ வந்தால் பின்னால் ‘ரீடன்’; ‘ஐ ஹேவ் ரீடிட்’ பிழை. ஹி, ஷி வரும்போது எழுத்தில் ஓ-வுக்குப் பின் ஈ, எஸ் இரண்டும் சேரும். ஆனால் உச்சரிப்பு ‘ரீடூஸ்’ அல்ல, ‘ரீடஸ்’. ‘ரீடூஸ்’ என்று சொன்னால் ‘குறை’ என்ற பொருள்தரும் ‘ரிட்யூஸ்’ என்று காதில் விழக்கூடும். வினையாக வரும்போது அழுத்தம் ‘டூ’வில், ‘திஸ் நீட்ஸ் எ ரீடூ’ என்று பெயர்ச்சொல்லாக வரும்போது ‘ரீ’யில்.

நம்மவர்கள் அதிகம் வழுக்குவது வேறோர் இடத்தில். “ஃபார்ம் தப்பா இருக்கு” என்று ஒருவர் சொன்னால் “சரி, திரும்பப் பண்றேன்” என்போம். எதை என்று சொல்வதில்லை. தமிழில் சொல்லத் தேவையுமில்லை. அந்தப் பழக்கத்தில் ‘ஓகே, ஐ வில் ரீடூ’ என்று நிறுத்திவிடுகிறோம். ரீடூவுக்குச் செயப்படுபொருள் கட்டாயம்: ‘ஐ வில் ரீடூ இட்’. இன்னொன்று, ‘ரீடூ அகெய்ன்’. ‘மறுபடியும் திரும்ப’ என்பது தமிழில் உறுத்தாது. ஆங்கிலத்தில் ‘ரீ’க்குள்ளேயே ‘மறுபடி’ இருக்கிறது. மூன்றாவது தடவை செய்யும்போது மட்டும் அந்த ‘அகெய்ன்’ நியாயம்.

வீட்டு வேலையில் இந்தச் சொல்லுக்குத் தனிப் பொருள் உண்டு. ‘வீ ஆர் ரீடூயிங் த கிச்சன்’ என்றால் யாரும் மறுபடி சமைக்கவில்லை. டைல்ஸ், அலமாரி, பெயின்ட் எல்லாம் மாறுகிறது. ஆள் வைத்துச் செய்ததைக் காட்ட ‘வீ காட் த கிச்சன் ரீடன்’ என்பார்கள்.

மேடைக்கும் சினிமாவுக்கும் ரீடூ பெரும்பாலும் வேண்டியதில்லை. ஷாட் சரியாக வராவிட்டால் ரீடேக். நடந்த சம்பவத்தை நடித்துக் காட்டினால் ரீஎனாக்ட். முன்பு நடித்த அதே பாத்திரத்தில் திரும்ப நடித்தால் ரிப்ரீஸ்.

கணினியில் மட்டும் நம் கேள்வி உதவாது. அங்கே ரீடூ என்பது அன்டூ செய்து நீக்கியதைத் திரும்பக் கொண்டுவருவது: விண்டோஸில் பெரும்பாலும் கன்ட்ரோல் ஒய், மேக்கில் கமாண்ட் ஷிஃப்ட் இசட். அன்டூ செய்தபின் புதிதாக ஓர் எழுத்துத் தட்டினாலும் பெரும்பாலான மென்பொருள்களில் ரீடூ செய்ய ஒன்றும் மிஞ்சாது. ஆகவே முதலில் ரீடூ, அப்புறம் தட்டச்சு. விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் வேர்டில், அன்டூ செய்தது எதுவும் இல்லாதபோது கன்ட்ரோல் ஒய் அழுத்தினால், கடைசியாகச் செய்த வேலையை இன்னொரு முறை செய்யும். அப்போது அந்தப் பொத்தானின் பெயரே ரிபீட் என்று மாறிவிடும்.