விதைப்பை அறுவைச் சிகிச்சைக்குப் பின்: வலியைக் கையாள்வதில் நேரும் தவறுகள்

நீர் கோத்த ஹைட்ரோசீலுக்காகவோ, இரத்தநாளங்கள் புடைத்த வெரிகோசீலுக்காகவோ, விதை முறுக்கிக்கொண்டதற்காகவோ அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் வீடு திரும்பிய பின் படும் அவதியில் கணிசமான பகுதி, வலியைத் தவறாக எடைபோடுவதால் வருவதே.

வலி பொறுக்க முடியாமல் போகட்டும், பிறகு மாத்திரை போட்டுக்கொள்ளலாம் என்று காத்திருப்பது முதல் தவறு. உச்சத்துக்கு ஏறிவிட்ட வலியை இறக்குவது கடினம் என்பதால், முதல் 2, 3 நாள்களுக்கு மருத்துவர் சொன்ன இடைவெளியிலேயே மாத்திரையை எடுத்துக்கொள்வது நல்லது. வலிக்குத் தரும் பாராசிட்டமால், சளி, காய்ச்சலுக்கென்று தனியாக வாங்கும் மாத்திரைகள் பலவற்றிலும் இருப்பதால், தெரியாமலே அளவு கூடிவிடலாம். பெரியவர்களுக்கு எல்லாம் சேர்த்து ஒரு நாளின் உச்ச வரம்பு 4 கிராம், கல்லீரல் பாதிப்புள்ளவர்களுக்கு அதனினும் குறைவு. டிராமடால் போன்ற வலுவான மருந்துகள் மலச்சிக்கலை உண்டாக்கும்; அப்போது முக்கினால் தையல் போட்ட இடம் விண்ணென்று தெறிக்கும்.

ஆனால் என் கணிப்பில், வலியைவிட வலி குறைவதுதான் ஆளை அதிகம் ஏமாற்றுகிறது. நான்காம், ஐந்தாம் நாளில் சுமாராக நடக்க முடிகிறதே என்று பகல் முழுதும் நின்று வேலை பார்த்து, ஒரு கனமான பெட்டியையும் தூக்கியவருக்கு, மாலையில் விதைப்பை கல்லைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் கனக்கும். அங்குள்ள தோல் தளர்வானது. கசியும் நீரும் இரத்தமும் தேங்க அதில் இடம் தாராளம். ஆகவே தாங்கிப் பிடிக்கும் உள்ளாடையை அணிவதும், படுக்கும்போது சுருட்டிய துண்டை அடியில் வைத்து விதைப்பையைச் சற்று உயர்த்துவதும் நல்ல பலன் தரும். ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றாமல் வைத்தால், மரத்துப்போன தோல் புண்ணாவதுகூடத் தெரியாது. ஒரு தடவைக்கு 10 முதல் 15 நிமிடம் போதும்.

வலி அடிவயிற்றில் தெரிந்தால் வேறு நோய் என்று உடனே முடிவுகட்ட வேண்டியதில்லை. கருவில் விதைகள் சிறுநீரகத்துக்கு அருகே உருவாகிக் கீழிறங்குவதால், அவற்றின் நரம்புகளும் மேலிருந்தே வருகின்றன. புற்றுநோய்க்காக விதையை அகற்றும்போது வெட்டு இடுப்பு மடிப்பில்தான் இருக்கும். வலியும் தொடையின் உட்புற மரமரப்பும் அங்கே தெரிவது இயல்பு.

கூச்சப்பட்டு, “வயிற்றுவலி” என்று மட்டும் சொல்லி இடத்தை மறைப்பவர்கள் உண்டு. விதைப்பை திடீரெனப் பெருத்து இறுகினாலோ, காயத்தில் சீழ் வடிந்தாலோ, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, சிறுநீர் பிரியாவிட்டாலோ, அன்றே இடத்தைப் பெயர் சொல்லி மருத்துவரிடம் காட்ட வேண்டும். 3 மாதங்களுக்கு மேலும் நீடிக்கும் வலியைப் பழகிப்போனதாகவும் விட்டுவிடக் கூடாது; அதற்கு நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி உள்ளிட்ட தனிச் சிகிச்சைகள் இருக்கின்றன.