ஹாமில்டன் ஆல்பத்தைக் கேட்கும் முறை

அமெரிக்கத் தலைவர் அலெக்சாண்டர் ஹாமில்டனின் வாழ்க்கையைச் சொல்லும் இசை நாடகம் ‘ஹாமில்டன்’. 2015-இல் வெளியான அதன் பிராட்வே (நியூயார்க் நாடக அரங்கு) ஒலிப்பதிவில் 46 பாடல்கள். முதலில் பாடல் வரிசையைக் கலைக்கும் ஷஃபிளை அணைத்துவிடுங்கள். கதையே பாட்டில்தான் நகர்கிறது, வரிசை கலைந்தால் ஒன்றும் புரியாது. ஒரு பாட்டு முடியும்போதே அடுத்ததைக் கலந்துவிடும் கிராஸ்ஃபேடும் வேண்டாம், பாடல்களின் முடிவை அது விழுங்கிவிடும்.

23-ஆம் பாட்டோடு முதல் அங்கம் முடிகிறது. அங்கே கால் மணி நேரம் இடைவேளை விடுங்கள், காது களைத்திருக்கும்.

10, 11-ஐ மட்டும் ஹெட்போனில், அடுத்தடுத்துக் கேளுங்கள். 11-இல் முந்தைய பாட்டின் துணுக்குகள் பின்னோக்கி ஓடி, 10-இல் வந்த அதே கல்யாணம் மணப்பெண்ணின் அக்காவின் பார்வையில் மறுபடி விரியும். எத்தனை முறை கேட்டாலும் சிலிர்க்கும் இடம் அது!

முதல் அங்கத்தில் பிரெஞ்சுப் படைத்தலைவர் லாஃபாயெட்டாக வந்த நடிகர் டேவீட் டிக்ஸே இரண்டாம் அங்கத்தில் அமெரிக்கத் தலைவர் ஜெஃபர்சன். குரலை வைத்துக் குழம்பாதீர்கள். மேடையில் 22-க்கும் 23-க்கும் நடுவே, ஹாமில்டனின் நண்பன் லாரன்ஸின் மரணச் செய்தி வரும் சிறு காட்சி ஆல்பத்தில் இல்லை. அதை மனதில் வைத்தே 23-ஐத் தொடங்குங்கள்.