பிற்பகலில் மட்டும் சிவந்த சுவர்

பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் பழைய வீட்டின் கூடத்துக்கு, நிற அட்டையைப் பார்த்து, யானைத் தந்த நிறத்தில் (ஐவரி) எமல்ஷன் பெயின்டைத் தேர்ந்தெடுத்தோம். இரண்டு கோட் அடித்து முடித்த மறுநாள், காலையில் சரியாக இருந்த சுவர், பிற்பகல் 3 மணிக்கு மேல் இடுப்பு உயரம் வரை இளஞ்சிவப்பாகத் தெரிந்தது.

கடையின் கலவை இயந்திரத்தைச் சந்தேகித்து, அதே நிற எண்ணில் மேலும் 4 லிட்டர் கலந்து வாங்கினோம்; பலனில்லை. நாள்கூலிக்கு வந்த பெயின்டர், அடியிலுள்ள பழைய காவி ஊறி வருவதாகச் சொல்லி மறுபடியும் அடிப்பூச்சான பிரைமர் அடித்தார். ஊறி வரும் கறையாக இருந்தால் காலையிலும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பிறகு மேலப்பாளையத்திலிருந்து வந்த மூத்த பெயின்டர் டப்பாவைத் தொடவேயில்லை. "அண்ணாச்சி, ஒரு வெள்ளை வேட்டி எடுத்துட்டு வாங்க" என்றார். அதைச் சுவரோரமாகத் தரையில் விரித்ததும், அதற்கு மேலிருந்த பகுதியில் மட்டும் சிவப்பு மறைந்தது. மேற்கு ஜன்னல் வெயில், தேய்த்து மெருகேறிய ரெட் ஆக்சைடு (சிவப்புச் சாயம் கலந்த சிமென்ட்) தரையில் பட்டு, அதன் நிறத்தைச் சுவரில் ஏற்றியிருக்கிறது.

தரையை மாற்ற மனமில்லை. ஆகவே இரண்டடிச் சதுரப் பலகைகளில் மூன்று நிறங்களைப் பூசி, நன்கு காய்ந்த பின் சுவரோரம் நிறுத்தி, காலையிலும் பிற்பகலிலும் இரவு விளக்கொளியிலும் பார்த்தோம். லேசாகப் பச்சை சாய்ந்த வெள்ளைதான் அந்தச் சிவப்பைத் தணித்தது. கோட் எண்ணிக்கையை எழுதிவைத்து, சதுர அடிக் கணக்கில் அந்த மூத்த பெயின்டரிடமே வேலையை ஒப்படைத்தேன். இரண்டே நாளில் முடித்துக் கொடுத்தார்.