வேத வாசிப்பும் வீட்டு வேலைக்காரரின் கூலியும்

பெங்களூருவில் வாழும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் அன்றாட வேத வாசிப்பை நீதிமொழிகளிலிருந்து தொடங்குவது நலம். அதில் 31 அதிகாரங்கள் இருப்பதால், தேதிக்கு ஓர் அதிகாரமாக, பிள்ளைகளின் பள்ளி வாகனம் வருவதற்குள் வாசித்து முடிக்கலாம். தமிழ் எழுத்து தெரியாத பிள்ளைகள் காதால் கேட்டாலே போதும்.

கடினமானது கீழ்ப்படிதல்தான். அதை வீட்டு வேலைக்கு வருபவரின் சம்பளத்திலிருந்து தொடங்குங்கள். கூலிக்காரரின் கூலியை விடியும்வரை வைத்திருக்கலாகாது என்று லேவியராகமம் 19:13 கட்டளையிடுகிறது. உபாகமம் 24:15 பொழுது சாய்வதற்கு முன்பே கொடுக்கச் சொல்வதோடு, ஏழையாகிய அவர் அதையே நம்பியிருக்கிறார் என்று காரணமும் கூறுகிறது. ஆகவே எந்தத் தேதி வசதியென்று அவரிடமே கேட்டுக் குறித்துக்கொண்டு, உங்கள் ஊதியம் தாமதமானாலும் அத்தேதி தவறாதபடி, முந்தைய மாதமே அத்தொகையை ஓர் உறையில் போட்டு எடுத்து வையுங்கள். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகும் நாட்களுக்காகப் பிடித்தம் செய்யாதீர்கள். அந்நாட்களில் வேலை நின்றது உங்களால், அவரால் அல்ல. சில்லறை இல்லை, நாளை வாருங்கள் என்று அனுப்புவதும் இக்கட்டளைக்கு முரணானதே.

அவரிடம் கடிந்து பேசியிருந்தால், மத்தேயு 5:23-24 போதிக்கிறபடி, காணிக்கையோடு ஞாயிறு ஆராதனைக்குச் செல்லும் முன்பே, அவருக்குப் புரியும் கன்னடத்திலோ தமிழிலோ மன்னிப்புக் கேட்டு ஒப்புரவாகுங்கள்.