போர்ல சிதைஞ்ச நாட்டைக் கட்டியெழுப்ப இத்தனை பில்லியன்னு நியூஸ் வந்தா எப்படிப் படிக்கணும்?

நம்ம குமரி மாவட்டத்துல பழவிளை, பெருமாள்புரம் இலங்கை அகதி முகாம்கள்ல இருக்கவங்களுக்கு அக்கரையில இன்னும் சொந்தபந்தம் இருக்கு, அதனால இலங்கையோட வடக்குக்கு இத்தனை கோடி டாலர்னு ஒரு செய்தி வந்தா போதும், சாயங்காலத்துக்குள்ள எல்லார் போன்லயும் வந்துரும். இப்போ உக்ரைனுக்கும் அதே மாதிரி நம்பர் வருது. மக்கா, ஷேர் பண்றதுக்கு முன்னாடி இதெல்லாம் பாத்துக்கிடுங்க.

மொத வேலை, காசு எந்தக் கட்டத்துல நிக்குதுன்னு பாக்கணும். மாநாட்டு மேடையில சொல்றது வெறும் ப்ளெட்ஜ், அதாவது வாக்குறுதி, ஒப்பந்தத்துல கையெழுத்து விழுந்தா கமிட்மென்ட், கணக்குல ஏறுனாதான் டிஸ்பர்ஸ்மென்ட். 2003 ஜூன்ல டோக்கியோ மாநாட்டுல இலங்கைக்கு நாலு வருசத்துக்கு 4.5 பில்லியன் டாலர்னு சொன்னாங்க, ஆனா சமாதானப் பேச்சு முன்னேறுனாதான்னு கூடவே ஒரு கண்டிசனும் இருந்துச்சு, புலிகள் அந்த மாநாட்டுக்கே போகல, பேச்சு அப்பவே நின்னு போயிருந்துச்சு. தலைப்புல 4.5 பில்லியன் மட்டும் பெருசா இருக்கும், கண்டிசன் கீழ எங்கயோ கிடக்கும். அதைத் தேடிப் படிக்கணும்.

அடுத்தது, அது கிராண்டா (திருப்பிக் கொடுக்க வேண்டாத காசு), கடனா? இதைத்தான் நம்மாளுங்க அதிகம் கோட்டை விடுறாங்க. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சதும் அமெரிக்கா ஐரோப்பாவுக்குக் கொடுத்த மார்ஷல் திட்டம் சுமார் 13 பில்லியன் டாலர், அதுல பெரும்பகுதி திருப்பிக் கொடுக்க வேண்டாத காசு. இலங்கையில அப்படி இல்ல. இந்தியா கட்டிக்கொடுத்த வீடுகள் கிராண்ட், ஆனா 2014ல யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப ரயில் ஓடுச்சுல்ல, அந்தப் பாதை இந்தியா கொடுத்த கடன்ல இர்கான்ங்கிற இந்திய அரசு ரயில்வே கட்டுமானக் கம்பெனி போட்டது. ரெண்டையும் "உதவி"ன்னே எழுதுவாங்க. கடன்னா வட்டி எவ்வளவு, எத்தனை வருசம்னு கேளுங்க, ஏன்னா 2022 ஏப்ரல்ல இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதுன்னு கைய விரிச்சிருச்சு, பாரம் கடைசியில அந்த மக்கள் தலையிலதான்.

மூணாவது, எதுக்குன்னு பிரிச்சுப் பாருங்க. ஆப்கானிஸ்தானைத் திரும்பக் கட்ட அமெரிக்கா 20 வருசத்துல சுமார் 145 பில்லியன் டாலர் ஒதுக்குச்சுன்னு அவங்க கண்காணிப்பு அமைப்பு சிகார் சொல்லுது, அதுல பாதிக்கு மேல ராணுவத்துக்கும் போலீசுக்கும்தான் போச்சு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரின்னு போட்டோ போடுறதைப் பாத்து ஏமாறக்கூடாது.

யார் கையில காசு வருதுங்கிறது இதைவிட முக்கியம். 2004 சுனாமி நம்ம கொளச்சல்லயும் அடிச்சுது, முல்லைத்தீவுலயும் அடிச்சுது. இங்க கலெக்டர் ஆபீஸ் வழியாவும் தொண்டு நிறுவனங்கள் வழியாவும் வேலை நடந்துச்சு, யார் பங்கு போடுறதுன்னு ரெண்டு தரப்பு சண்டை கிடையாது. அங்க அரசும் புலிகளும் சேர்ந்து உதவியைப் பங்கிட 2005 ஜூன்ல ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, அடுத்த மாசமே உச்ச நீதிமன்றம் அதோட முக்கியப் பகுதிகளுக்குத் தடை போட்டுருச்சு. கொடுக்க ஆள் இருந்தும் வாங்குற ஏற்பாடு இல்லாம போச்சு!

எனக்குப் புடிச்ச மாடல் அந்த இந்திய வீட்டுத் திட்டம்தான். பெரும்பாலான வீடுகளுக்கு இலங்கை ரூபாய்ல 5.5 லட்சம், வேலை ஏற ஏற தவணை தவணையா வீட்டுக்காரர் பேங்க் கணக்குக்கே போகும், அவரே கொத்தனாரை வச்சுக் கட்டிக்கலாம். வடக்கு கிழக்குல சுமார் 46,000 வீடு வந்துச்சு. விலைவாசி ஏறுனதுல பல பேரு மேல கடன் வாங்கித்தான் முடிச்சாங்க, அதையும் சொல்லணும்ல.

சரி, எங்க செக் பண்றது? உலக வங்கி திட்டம்னா அவங்க சைட்டுல நாட்டுப் பேரைப் போட்டுத் திட்டத்தைத் திறங்க, எவ்வளவு ஒதுக்கினது, எவ்வளவு விடுவிச்சது, காண்ட்ராக்ட் யாருக்குன்னு எல்லாம் கிடைக்கும். நிறைய நாடுகளும் தொண்டு நிறுவனங்களும் ஐஏடிஐ (IATI)ங்கிற பொதுத் தளத்துல கணக்குப் போடுறாங்க, இலவசம்தான். எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கும், வீட்டுல காலேஜ் படிக்கிற புள்ளைய பக்கத்துல உக்கார வச்சுக்கோங்க.

முகாம்ல இருந்து திரும்பிப் போற யோசனை உள்ளவங்க, பில்லியன் கணக்கை விட்டுட்டு ஊர்ல உள்ள காணிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ் எல்லாத்தையும் மொதல்ல தேடி எடுத்து வைங்க. வீட்டுப் பட்டியல் எது வந்தாலும் காணி யாருதுன்னு கேக்காம இருக்க மாட்டாங்க.